விடுமுறை யாருக்கு?

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் பெற்றோருக்கு அறிவுரை கூறத் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகளை நல்ல நூல்களைப் படிக்கச் செய்யுங்கள், உறவினர் ஊர்களுக்கு அழைத்துச் செல்லுங்கள், கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு இசையும் நீச்சலும் பழக்குங்கள் என்றெல்லாம் எழுதுகின்றன. எழுதுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவ்வறிவுரைகளைப் படிக்குந்தோறும், இந்நாட்டுப் பிள்ளைகள் யாவரும் முன்னறையும் நூலடுக்கும் உள்ள வீடுகளிலேயே வாழ்கின்றனர் போலும் என்றொரு மயக்கம் நமக்கு உண்டாகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஆறு பேரோடு வாழும் பிள்ளைக்கு விடுமுறையில் என்ன நேர்கிறது என்பதை அப்பத்திரிகைகள் கேட்டறிந்து எழுதியதை நாம் அதிகம் கண்டதில்லை.

நாம் தமிழ் கற்பிப்பது மஸ்கெலியாப் பகுதியில். ஆறாம் தரம் முதல் பதினோராந் தரம் வரையிலான பிள்ளைகள் நம்மிடம் வருகின்றனர். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என மூன்று விடுமுறைகள் ஆண்டில் வந்து போவது வழமை. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த ஒழுங்கு பல ஆண்டுகள் குலைந்து கிடந்தது. ஒவ்வொரு விடுமுறையின் பின்னும் முதல் வாரத்து வரவு இடாப்பை விரித்தால் சில பெயர்களுக்கு எதிரே இடம் வெறுமையாயிருக்கும். ஏப்ரலின் பின் ஒருவர் குறைவார். ஓகஸ்டின் பின் ஒருவரோ இருவரோ குறைவர். டிசம்பர் கழிந்து புதிய ஆண்டு தொடங்கும்போதுதான் வகுப்பின் பின் வாங்குகள் காலியாகின்றன. பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகுவது தவணை நடந்துகொண்டிருக்கும்போது அன்று, விடுமுறையிலேதான். தவணைக் காலத்தில் ஒரு மாணவன் மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் கேட்பார், அயல் வீட்டுப் பிள்ளை சொல்லும், அதிபர் ஆளனுப்புவார். விடுமுறையில் அவன் எங்கே போனான் என்று கேட்பதற்கு யாரும் இல்லை.

டிசம்பர் ஏன் இத்துணை கொடியதாயிருக்கிறது என்பதற்கு எங்கள் பகுதியில் தனிக் காரணம் ஒன்றுண்டு. சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணை வரையில் நீடிக்கிறது. நல்லதண்ணியிலிருந்து மலையுச்சி வரை செல்லும் படிகளின் இருமருங்கும் கடைகள் முளைக்கின்றன. தேநீர்க் கடை, ரொட்டிக் கடை, கம்பளித் தொப்பி விற்கும் கடை என்று எத்தனையோ. அவற்றுக்கெல்லாம் கைகள் வேண்டும். அதுவும் மலிந்த கைகள் வேண்டும். எங்கள் பகுதித் தோட்டங்களில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் அப்பொழுதுதான் பாடசாலை விட்டு வந்து நிற்கின்றனர். மாவு மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் சுமந்து படியேறுவது முதல் கோப்பை கழுவுவது வரை அவர்களுக்கு வேலை கிடைத்துவிடுகிறது.

இதிலே வாசகர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுள்ளது. பாடசாலை விடுமுறை ஒரு மாதம்; யாத்திரைக் காலமோ ஐந்து மாதம். விடுமுறையிற் போனவன் விடுமுறை முடிந்ததும் திரும்பலாம் என்று எண்ணியே போகிறான். ஆனால் பக்தர்கள் சூரியோதயம் காண்பதற்காக இரவில்தான் மலையேறுகின்றனர். ஆகவே கடைகள் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. நள்ளிரவில் தேநீர் ஆற்றுகின்ற பையன் விடிந்தபின் உறங்குகிறான். நான்கு வாரம் இவ்வாறு கழிந்தால் அவனது உடலே பாடசாலை மணிக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. புதிய தவணையின் முதல் திங்களன்று வகுப்புக்கு வந்து, இரண்டாம் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கி, புதன்கிழமை வராமல் நின்றுவிட்ட பையன்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவனை வழியிற் கண்டு கேட்டபோது, "கோவிச்சுக்காதீங்க சேர். ராத்திரி கடையில நின்னா சம்பளமும் குடுக்குறாங்க, சாப்பாடும் குடுக்குறாங்க. ஸ்கூலுக்கு வந்தா வீட்டுக்குத்தானே செலவு" என்றான். அவனைச் சோம்பேறி என்று சொல்வோர் இருக்கின்றனர். இரவு முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவனைச் சோம்பேறி என்று அழைக்கும் துணிவு நமக்கு இல்லை.

பையனின் கூலி வீட்டுக்கு ஏன் அவ்வளவு அவசியமாகிறது? தீபாவளிக்கென்று தோட்டத்தில் முற்பணம் கொடுக்கப்படுகிறது. அது கொடை அன்று, கடன். பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் அம்முற்பணம் தவணை தவணையாக வெட்டப்படுகிறது. டிசம்பரில் தாய் கையிற் பெறும் சம்பளம் வழமையிலும் குறைந்திருக்கும். அதே மாதத்தில்தான் அடுத்த வகுப்புக்குரிய கொப்பிகளும் சப்பாத்தும் வாங்கவேண்டும். பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் அரசினால் இலவசமாகக் கிடைத்து வருகின்றன. அவற்றின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் சப்பாத்தில்லாத பிள்ளையை வாயிலில் நிறுத்துகின்ற மாணவத் தலைவர்கள் இன்னும் இருக்கின்றனர். பையன் கொண்டுவரும் கூலியிலேதான் தங்கையின் சப்பாத்து வருகிறது. தங்கை பாடசாலைக்குப் போவதற்காக அண்ணன் பாடசாலையை விடுகிறான். இந்தக் கணக்கை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுப் போடுவதில்லை. அது தானாகவே போடப்பட்டுவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் உழைப்புக்குக் கூலியே கிடையாது. தாய் காலை ஏழு மணிக்கு முன்னரே கூடையுடன் பிரட்டுக்களத்துக்குப் போய்விட்டால், வீட்டையும் தம்பி தங்கையரையும் தண்ணீர்க் குழாயையும் விறகையும் பார்ப்பவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. விடுமுறை எப்படிக் கழிந்தது என்று கட்டுரை எழுதச் சொன்னால் பையன்கள் கிரிக்கெட் விளையாடியதை எழுதுவர். பெண்கள் எழுதும் கட்டுரைகள் மிகச் சுருக்கமானவை. சில குடும்பங்களில் மகள் கொழும்புக்கு அனுப்பப்படுகிறாள். "லீவுக்கு மட்டுந்தான்" என்று சொல்லியே அனுப்புகின்றனர். கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி ஒருத்தியின் மரணம் 2021 ஜூலையில் நாட்டையே உலுக்கியது. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டத்தின் கண்கள் பாடசாலை திறந்திருக்கும் நாட்களில் மட்டும் விழித்திருந்தால் போதாது.

மலையகத்தில் பாடசாலை எப்பொழுதுமே வேலையின் அனுமதி பெற்றே நடந்து வந்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன்னர் தோட்ட வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதித்தது. பத்து மணிக்குப் பின் என்ன செய்வது என்பது வெளிப்படை. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை முறையாக எட்டவில்லை. 1977 இலிருந்து படிப்படியாக அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பின்னரே நம் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளுடன் ஒரே ஏணியிற் கால் வைத்தனர். அந்த ஏணியின் முதற் படிகளில் நின்றவர்களின் மக்களே நம் தலைமுறையினர்.

இனி, பசியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவு வழங்கும் திட்டம் பல குறைபாடுகளுடன் ஆயினும் நடைபெறுகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2024 இல் அது ஆரம்பப் பிரிவு முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது. பாடசாலை மூடினால் அவ்வுணவும் நின்றுவிடுகிறது. ஒரு தாய் நம்மிடம் கூறினார்: "லீவு விட்டா நமக்குத்தான் சேர் கஷ்டம். ஸ்கூல் நாள்ல சின்னவங்க ரெண்டு பேரும் அங்கேயே சாப்புட்டுருவாங்க. லீவுல காலையில சுட்ட ரொட்டிய அந்தி வரைக்கும் பங்கு வச்சித் தின்னுறாங்க." வயிற்றுக்கும் தவணை விடுமுறை உண்டென்று எந்த மருத்துவ நூலிலும் எழுதப்படவில்லை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்படவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. செல்வம் கொழிக்கும் பிரித்தானியாவிலேயே 2020 இல் இதே வினா எழுந்தது. மார்க்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற உதைபந்தாட்ட வீரர், தாம் பசியறிந்து வளர்ந்தவர், விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வேண்டுமெனப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசு ஜூனில் இணங்கியது; ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் மறுத்தது; நவம்பரில் மீண்டும் இணங்கியது. அரசுகள் தாமாக இணங்குவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமா?

கற்றலில் நேரும் இழப்பு பசியைப் போலக் கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982 இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளை, 20 பாடசாலைகளிலிருந்து தெரிந்தெடுத்து, ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். பாடசாலை நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினர். கோடை விடுமுறைகளிலேயே இடைவெளி விரிந்தது. ஒன்பதாம் வகுப்பிற் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப வகுப்புக் கால விடுமுறைகளின் விளைவே என்று அவ்வாய்வினர் 2007 இல் எழுதினர். அன்று பயன்பட்ட பரீட்சைகளின் அளவுகோலே பிழையானது என்று 2019 இல் வேறோர் ஆய்வாளர் மறுத்துள்ளார். விகிதத்தைப் பற்றிய அந்த விவாதம் நடக்கட்டும். பாடசாலையைத் தவிர வேறு நூலகமும் விளக்கும் மேசையும் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை மூடப்படுவதும், மூன்றையும் வீட்டிலேயே கொண்ட பிள்ளைக்குப் பாடசாலை மூடப்படுவதும் ஒரே நிகழ்ச்சி அல்ல என்பதை நம் வகுப்பறை நமக்கு நாள்தோறும் காட்டுகிறது.

இவ்விடத்தில் நம் தொழிலினரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. விடுமுறை விட்டதும் ஹட்டன் நகரத்து ரியூட்டரிகள் நிரம்பி வழிகின்றன. கட்டணமும் பஸ் காசும் கொடுக்கக் கூடிய பிள்ளை அங்கே அடுத்த தவணையின் பாடத்தை முன்கூட்டியே படித்துவிடுகிறது. தவணை தொடங்கியதும் சில ஆசிரியர்கள், "இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று அப்பாடத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பதை வகுப்பு அறியும். ஆசிரியரின் சம்பளம் போதாது என்பதையும், அதற்காக நாமெல்லாம் வீதியில் இறங்கிப் போராடினோம் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் போதாத சம்பளத்தின் குறையைக் கொழுந்து பறிப்பவளின் பிள்ளையிடமிருந்து ஈடுசெய்வது தொழிற்சங்க நியாயத்துக்கு ஒவ்வாது.

நாமும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து, கடந்த மூன்று டிசம்பர் விடுமுறைகளிலும் ஒரு தோட்டத்தின் பொது மண்டபத்தில் காலை வகுப்பு நடத்தி வருகிறோம். முதல் நாள் பதினொரு பிள்ளைகள் வந்தனர். சோறு உண்டு என்ற செய்தி பரவியதும் நாற்பதாயிற்று. சோற்றுக்காக வருகிறார்கள் என்று நண்பர் ஒருவர் மனம் நொந்தார். சோற்றுக்காக வருவதில் இழிவென்ன? நாமெல்லாம் சம்பளத்துக்காகத்தானே பாடசாலைக்குப் போகிறோம்! ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி வீதம் நாளொன்றுக்கு 4 கிலோ. 15 நாளைக்கு 60 கிலோ. பருப்பு, கீரை, சில நாட்களில் கருவாடு. தோட்டத்தில் ஓய்வுபெற்ற மூதாட்டியர் இருவர் சமைத்தனர். அவர்கள் தங்கள் காலத்தில் பாடசாலையிற் கிடைத்த பணிஸின் சுவையைப் பற்றி அடுப்படியில் ஓயாது பேசிக்கொண்டிருந்தனர். கைக்குழந்தையுடன் வரும் அக்காமாரையும் நாம் திருப்பியனுப்பவில்லை. குழந்தைகள் ஒரு மூலையிற் சாக்கில் உறங்க, தமக்கையர் மறுபக்கத்தில் எழுதினர். இதனை முதல் ஆண்டிலேயே அனுமதித்ததால்தான் பெண் பிள்ளைகள் வந்தனர்; இல்லையேல் ஒருத்தியும் வந்திருக்கமாட்டாள்.

பாடநூலையே மீண்டும் நடத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். தாய்மாரின் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னோம். எத்தனை நாள் முழுப்பேர், எத்தனை நாள் அரைப்பேர், ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் இம்மாதம் வெட்டியது எவ்வளவு, இன்னும் வெட்டவேண்டியது எவ்வளவு என்று பிள்ளைகள் கணக்குப் பார்த்தனர். சதவீதம் என்றால் அஞ்சி ஓடிய ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி, தன் தாயின் சீட்டில் இரண்டு நாட்பேர் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். அடுத்த நாள் தாய் அலுவலகத்துக்குச் சென்று கேட்டார். மறு மாதம் அது திருத்தப்பட்டது. தமிழ்ப் பாடமாக, உடைந்த தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பிரதேச சபைக்கு மனு எழுதினோம். நாற்பது மனுக்களில் சிறந்ததை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பினர். பதில் வரவில்லை. ஆனால் "மாண்புமிகு" என்று எங்கே எழுதவேண்டும், எங்கே எழுதத் தேவையில்லை என்பது பற்றி அன்று நடந்த வாதம் நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் சிலவற்றிலும் உயிர்ப்புடையதாயிருந்தது. சம்பளச் சீட்டுப் பாடத்தின் பின் மண்டபத்தின் சாவி நமக்குக் கிடைப்பது மட்டும் சற்றுக் கடினமாயிற்று.

இரண்டாம் ஆண்டில் தலைநகரிலிருந்து கொடையாளர் சிலர் தொடர்பு கொண்டனர். நாற்பது பிள்ளைகளுக்கும் கொப்பியும் பையும் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவேண்டும், அதைப் படம் பிடித்து வெளியிடுவோம் என்பது அவர்களின் நிபந்தனை. படமின்றித் தருமாறு கேட்டோம். அவர்கள் இணங்கவில்லை, நாமும் இணங்கவில்லை. பெற்றோருட் பலர் நம்மீது வருத்தப்பட்டனர். "படம் எடுத்தா என்னா சேர் கொறஞ்சிரும்? கொப்பி வருதே" என்று ஒருவர் நேரே கேட்டார். அவரது கேள்வியில் நியாயம் இருந்தது. கொப்பியின் விலையை அறிந்தவர் அவர். ஆயினும் பத்தாந் தரத்து மாணவிகள் இருவர், படமெடுப்பதானால் அன்றைக்குத் தாங்கள் வரமாட்டோம் என்று முன்னரே சொல்லியிருந்தனர். வறுமை அவர்களுடையது, அதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுடையதே என்று நாம் கருதினோம், இன்றும் கருதுகிறோம். அவ்வாண்டு கொப்பிகளைக் கடையொன்றில் கடனுக்கு எடுத்து, மார்ச் வரையில் நால்வருமாகக் கட்டி முடித்தோம்.

நான்கு ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்து நடக்கும் வகுப்பு ஒரு தோட்டத்துக்குப் போதும்; மாவட்டத்துக்குப் போதாது. பாடசாலைகள் மூடிக் கிடக்கும் அந்நாட்களில் அவற்றின் சமையலறைகளும் நூலக அறைகளும் பூட்டியே கிடக்கின்றன. வலயத்துக்குச் சில பாடசாலைகளிலேனும் ஒரு மண்டபத்தையும் சமையலறையையும் திறந்து, உணவுத் திட்டத்தை விடுமுறை நாட்களுக்கும் நீட்டிக்கவேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலிற் சேர்க்கலாம். கற்பிப்பதற்கு ஆளில்லை என்பார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் இளைஞரும் யுவதியரும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றனர். அக்காத்திருப்பு ஓராண்டுக்கும் மேல் நீள்வதுண்டு. 1961 இல் கியூபா தன் பாடசாலைகளை மாதக்கணக்கில் மூடி, சுமார் 1,00,000 இளைஞரை எழுத்தறிவிக்கும் பணிக்குக் கிராமங்களுக்கு அனுப்பியது. அரசதிகாரம் கைவந்த நாட்டின் செயலை அப்படியே இங்கு பெயர்த்து நடமுடியாது. எனினும் நம் பழைய மாணவர் ஐவர் சென்ற டிசம்பரில் சம்பளம் ஏதுமின்றிக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தனர். அவர்களுக்குப் பஸ் காசாவது கொடுக்கப்படவேண்டும்.

மலைக்கடைப் பையன்களைக் காலை வகுப்புக்கு வரச் சொல்வதிற் பயனில்லை. அவர்கள் அப்பொழுதுதான் கண்மூடியிருப்பர். ஆகவே சென்ற விடுமுறையில் பழைய மாணவன் ஒருவன் முன்வந்து, நல்லதண்ணியிலேயே பிற்பகல் மூன்று மணிக்குச் சாதாரண தர வகுப்பொன்றைத் தொடங்கினான். உறங்கியெழுந்து, முகங் கழுவி, இரவுக் கடை திறக்குமுன் ஒன்றரை மணி நேரம் ஏழு பையன்கள் வந்தனர். அவர்களுள் நால்வர் புதிய தவணை தொடங்கியபோது பாடசாலைக்குத் திரும்பினர். மூவர் இன்னும் மலையில் நிற்கின்றனர். அவர்களுக்காக அந்த வகுப்பு தவணை தொடங்கிய பின்னரும் சனி ஞாயிறுகளில் நடைபெறுகிறது. இடம் ஒரு கடையின் பின்புறத்துச் சாய்ப்பு. மழை பெய்தால் ஒழுகும். இரண்டு தகரம் வேண்டும் என்று அவன் எழுதியிருக்கிறான். மஸ்கெலியாக் கடையில் விலை விசாரித்து வைத்திருக்கிறோம்.